பட்டுக்குப் புளியங்கட்டை, சோற்றுக்கு ஒதியங்கட்டை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நான் சமைப்பேனா, தறிக்குத் தார் சுற்றுவேனா என்று எதுவும் கேட்கவில்லை. டிபன் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவத் தோட்டப்பக்கம் போன என் மாமனார் வெகுநேரமாகியும் திரும்பவில்லை. அப்பா போய்ப் பார்த்தபோது அவர் எங்கள் விறகு அடுக்குக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கட்டையை உருவி இன்னொன்றின் மேல் தட்டினார். கணீரென்று சத்தம் வந்தது. தோல் உரிந்த இடத்தில் நகத்தால் கீறினார். முகர்ந்து பார்த்தார்.

"இத யாருபா அடுக்குனது?"

"பொண்ணுதாங்க. எனக்கு நெலத்துக்கும் தறிக்குமே சரியாப் பூடுது."

"கட்டையப் பாத்து எடுக்கறதும் அதுதானா?"

"ஆமாங்க. ஏரில மரம் வெட்டறப்போ அதுவே போயி எடுத்துக்கினு வரும்."

மாமனார் அங்கேயே நின்று சம்மதம் சொல்லிவிட்டார். கல்யாணமான புதிதில் இதை நான் எல்லாரிடமும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பேன். கொஞ்ச வருடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் அவர் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். நான்தான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் தென்னேரி. ஏரிக்குள் கருவேலங்காடு உண்டு. தண்ணீர் வற்றும் மாதங்களில் மரம் ஏலம் போகும். ஏலம் எடுத்தவர்கள் அடிமரத்தை வண்டியில் ஏற்றிப் போன பிறகு, கிளைகளை ஊர்ப் பெண்கள் எடுத்துக்கொள்ளலாம். அம்மா நோயில் படுத்ததிலிருந்து அந்த வேலை என்னுடையது. மழைக்காலத்தில் அடுப்பு எரியாவிட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதப்போவதும் நான்தான். அதனால் எது எரியும், எது புகையும் என்பது தானாகத் தெரிந்துவிட்டது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தந்ததில்லை.

நான் வாழ்க்கைப்பட்டுக் காஞ்சிபுரம் வந்தது, ரேஷன் கடையில் அரிசிக்காக மணிக்கணக்கில் நின்ற வருடங்களில். தெரு முழுக்கத் தறிச்சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் தறி இல்லை, சாயப்பட்டறை இருந்தது. வீட்டில் மாமனாரும் என் கணவரும் மட்டும்தான். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனார் சாயம் கலப்பார், கணவர் கொப்பரையில் நிற்பார். கணவர் அதிகம் பேசமாட்டார். அதை நான் முதலில் சாதுத்தனம் என்று நினைத்தேன்.

தறிக்காரர்கள் கொண்டுவந்து போடும் பட்டுநூல் முதலில் விறைப்பாக, நிறமற்று இருக்கும். பெரிய செம்புக் கொப்பரையில் சோப்பும் சோடாவும் கரைத்த தண்ணீரில் காய்ச்சிப் பசை எடுத்தால்தான் மினுக்கு வரும். அப்புறம் சாயம். இரண்டுக்குமே சூடு ஒரே சீராக நிற்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் கெடுதல், ஆறினாலும் கெடுதல். நூலைக் கழியில் மாட்டித் திருப்பிக்கொண்டிருக்கும்போது தீ சற்றுச் சுணங்கினால் போதும், சாயம் திட்டுத் திட்டாக ஏறிவிடும். புகை மண்டினால் கரி விழும். அதனால் அந்தப் பட்டறையில் சாயத்துக்கு இருந்த மரியாதை விறகுக்கும் இருந்தது.

மாமனார் என்னை விறகு விற்கும் தொட்டிக்கே கூட்டிக்கொண்டு போனார். புது மருமகளைக் கடைத்தெருவில் மரக்கட்டை நடுவே நிறுத்துகிறாரே என்று தெருவில் பேசினார்கள். அவர் கவலைப்படவில்லை. தொட்டியில் சவுக்குதான் மலைபோல் குவிந்திருக்கும். கிழக்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து லாரியில் வரும். நேராக இருக்கும், சுலபமாகப் பிளக்கும், சீக்கிரம் காயும். ஆனால் வேகமாக எரிந்து தீர்ந்துவிடும், தணலும் நிற்காது. கொப்பரைக்குத் தீ மூட்ட மட்டும் அது ஆகும். நீடித்து நிற்கப் புளியும் கருவேலமும்தான் வேண்டும். மாவை வாங்கினால் உடனே எரித்துவிட வேண்டும். அடுக்கி வைத்தால் வண்டு துளைத்து மாவாக உதிர்ந்துவிடும். ஆலும் அரசும் கனமாகத் தெரியும், உள்ளே வெறும் பஞ்சு. சாமி மரம் என்று அத்தியைக் காஞ்சிபுரத்தில் யாரும் அடுப்பில் வைக்க மாட்டார்கள், தொட்டிக்காரரும் கொண்டுவர மாட்டார். வேம்பை அம்மனுக்குப் பயந்து சிலர் ஒதுக்குவார்கள். நான் அதன் புகைக்குப் பயந்து ஒதுக்குவேன். முருங்கையும் ஒதியனும் விறகே இல்லை. ஒதியங்கட்டை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அடுப்பில் வைத்தால் ஒரு முனையில் எரிய மறுக்கும், மறுமுனையில் நுரை கக்கும்.

தொட்டிக்காரர் எடைக்காகக் கட்டையின் மேல் தண்ணீர் தெளிப்பார். நான் அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, வெட்டுமுகத்தைப் பார்ப்பேன். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்கும். ஈரக்கட்டையில் அது மூடிக் கிடக்கும். தட்டினால் தொப்பென்று கேட்கும். கிட்ட வைத்தால் புளித்த வாடை அடிக்கும்.

"ஒன் மருமவ என் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்துக்கீறா," என்று அவர் மாமனாரிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

மாமனாருக்கு அதில் பெருமை. "அது கட்டையத் தொட்டா போதும்பா, வயசச் சொல்லிடும்," என்பார்.

உலர்த்துவதும் என் பொறுப்பு. புளியைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு பிளக்கப்போனால் கோடாலி எகிறி வரும். கருவேலத்தின் தோலை உரித்துவிட்டால் பாதிக் காலத்தில் காயும். கட்டையை மண்ணில் படவிடாமல் இரண்டு வரிசைக் கல்லின் மேல் அடுக்க வேண்டும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒரு வரிசை நெடுக்கில், ஒரு வரிசை குறுக்கில். சித்திரை வெயில் கட்டையைக் காயவைக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். அது மேல்தோலைக் காயவைத்து ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். உண்மையாகக் காயவைப்பது ஆடிக்காற்று. மழை வந்தால் அடுக்கின் மேலே மட்டும் ஓலை போடுவேன், பக்கங்களைத் திறந்தே விடுவேன். நடுவில் ஒரு தரம் மொத்தத்தையும் பிரித்து, கீழே இருப்பதை மேலே மாற்றி அடுக்குவேன். தேளும் பூரானும் வரும். கையில் சிராய் ஏறும். கர்ப்பமாக இருந்தபோதும் அடுக்கினேன்.

இப்படி ஒரு வருடம் பாதுகாத்துக் காயவைத்த கட்டை முழுவதும் பட்டறைக்குப் போகும். என் சமையலறைக்கு ஒன்றும் வராது.

சமையலுக்கு வந்தது கழிவு. தொட்டிக்காரர் கொசுறாகப் போடும் ஒதியன், யார் வீட்டிலோ விழுந்த முருங்கை, பச்சைச் சவுக்கின் நுனி, தென்னை மட்டை. முதல் மழைக்காலத்தில் ஊதாங்குழலும் கையுமாக உட்கார்ந்து ஒரு உலைக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பதற்குள் முகமெல்லாம் வீங்கிவிட்டது. அப்போது நான் கேட்டேன்.

"மாமா, சமையலுக்கும் கொஞ்சம் நல்ல கட்டை எடுத்துக்கட்டுமா?"

"சோறு இன்னாமா, எப்படி எரிச்சாலும் வெந்துரும். பட்டு அப்படியா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். அவருக்கு அது உலக நியாயம். நான் ஊதாங்குழலை எடுத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினேன்.

எங்கள் சமையலறைக்கு ஒரே ஜன்னல். அது பட்டறை முற்றத்தைப் பார்த்திருந்தது. சாயம் போட்ட நூலை அந்த முற்றத்தில்தான் மூங்கிலில் உலர்த்துவார்கள். ஈர விறகின் புகை அந்த ஜன்னல் வழியாகப் போய் நூலின் மேல் படிகிறது என்று ஒருநாள் மாமனார் கண்டுபிடித்தார். மறுநாளே தச்சரை வரவழைத்து ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டார். ஆணி அடிக்கும்போது நான் உள்ளே குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. புகைக்குப் போக வழி வாசல் ஒன்றுதான், அதுவும் கூடத்துக்குள்.

"கதவச் சாத்திக்கோ. கூடத்துல தறிக்காரங்க பாவு நூலு இருக்குது," என்றார் கணவர்.

அதன் பிறகுதான் என் மகள் பிறந்தாள்.

பட்டறைப் பக்கம் ஆவியும் சாயமும். கூடத்தில் மற்றவர்களின் நூல். குழந்தையை விட வேறு இடமில்லை. சமையலறை உத்தரத்தில் தூளி கட்டினேன். ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு மறுகையால் அடுப்பில் விறகைத் தள்ளுவேன். தவழ ஆரம்பித்தபோது அடுப்புக்கு எதிர்மூலையில் விளையாடுவாள். அவள் தலைமயிரை முகர்ந்தால் பால்வாசனை வராது, புகைவாசனைதான் வரும். அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது ஐப்பசி மழையில் இளைப்பு தொடங்கியது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த டாக்டரம்மா குழந்தையைப் பார்ப்பதற்கு முன் என் கண்ணைப் பார்த்தார்.

"நீ எதுல சமைக்கிறே?"

"வெறகுலதாங்க."

"கொழந்தை எங்க இருக்கும்?"

"என்கூடத்தான் இருக்கும்."

"புகை ஆகாது இதுக்கு. மருந்து எத்தனை குடுத்தாலும் நீ அதே புகையில கொண்டுபோய் உக்கார வச்சா பிரயோஜனம் இல்ல. காஞ்ச வெறகா பாத்து வாங்கு. ஜன்னலைத் திறந்து வை."

காய்ந்த விறகாகப் பார்த்து வாங்கு என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டறைக்கே அதைப் பார்த்து வாங்கித்தருகிறவள் நான்.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னேன். அவர் அரக்குச் சாயத்தை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்? இந்தப் பொகைலதான் எங்கம்மா சமைச்சா, எங்க ஆயா சமைச்சா. அவங்களுக்கு எல்லாம் வராத எளப்பு இதுக்கு மட்டும் எங்கேந்து வந்துது?"

"கொழந்த மாமா. மூச்சு வாங்குது."

"ஒங்க நைனா இருமறத நானே கேட்டுக்கீறேன். அது ஒங்கூட்டு ரத்தம்மா. வெறகு மேல பழி போடாத."

கணவரைப் பார்த்தேன். அவர் கழியைத் திருப்பிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு வந்தபோது கேட்டேன்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"அப்பா சொல்றதுல இன்னா தப்பு? கல்யாண சீசன் வருது. மழ நிக்கட்டும், பாக்கலாம்."

மழை நிற்கவில்லை. கார்த்திகையில் ஒரு மத்தியானம், முருங்கைக்கட்டை எரியாமல் சமையலறை முழுக்க வெள்ளையாகப் புகை. குழம்பை இறக்கிவிட்டுத் திரும்பினேன், குழந்தையைக் காணவில்லை. மூலையில்தான் இருந்தாள், புகையில் தெரியவில்லை. தூக்கியபோது அழவில்லை. அழ மூச்சு இல்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. செருப்புக்கூடப் போடாமல் மழையில் ஓடி, ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். கணவர் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமனார் சாயங்காலம் வந்தார். பிஸ்கட் பாக்கெட் ஒன்றைத் தலைமாட்டில் வைத்தார். "கொழந்தைக்கு ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று குழந்தையைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு, பட்டறை அடுக்குக்குப் போனேன். பட்டப்பகல். மாமனார் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் புளியங்கட்டைகளை உருவிக் கையில் அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடுப்பில் வைத்தேன். உடனே பற்றியது. நீலமும் மஞ்சளுமாக, சத்தமே இல்லாமல் எரிந்தது. அந்த அறையில் அத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சுவரின் காரையில் இருந்த விரிசலைப் பார்த்தேன்.

உலை கொதி வருவதற்குள் மாமனார் உள்ளே வந்தார். கீழே குனிந்து, எரிந்துகொண்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். முனையில் தீ எரிய எரிய எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். சுர்ரென்று ஆவி எழுந்தது. கரிந்த கட்டைகளைக் கொண்டுபோய் முற்றத்தில் வெயிலில் வைத்தார், மறுபடி காயட்டும் என்று.

என் கணவர் வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளில வந்து நில்லு," என்று என்னிடம் சொன்னார். "பொகையுது."

அந்தக் கட்டைகளை அணைத்தபோதுதான் அங்கே அன்றைய முதல் புகையே எழுந்தது.

உலையை அப்படியே விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் தென்னேரிக்குப் போய்விட்டேன். அப்பா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். எங்கள் ஊர் வீட்டில் சமையல் தாழ்வாரத்தில்தான், மூன்று பக்கம் திறந்தது. ஏரிக் கருவேலம் எரிந்தது. குழந்தைக்குப் பொங்கல்வரை அங்கே ஒருமுறைகூட இளைப்பு வரவில்லை. அப்பாவின் இருமல் தினமும் கேட்டது. அவள் அவர் மடியிலேயே கிடந்தாள், அவளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ரத்தம் என்று சொன்னவரை அழைத்துவந்து காட்ட வேண்டும் என்று இருந்தது. அழைத்து வந்திருந்தாலும் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

பொங்கல் கழிந்து கணவர் வந்தார். மன்னிப்பு கேட்டு வந்தார் என்று எழுத ஆசைதான். "ஓட்டல் சோறு ஒத்துக்கல," என்றார். அப்பா என்னைத் தனியே அழைத்தார்.

"நைனா இருக்கிற வரைக்கும் நீ இங்க இருக்கலாம்மா. அதுக்கப்புறம் நான் சொல்ல முடியாது."

அவர் சொன்னது உண்மை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வைத்துக் கணவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்.

"சமைப்பேன். தண்ணி எடுப்பேன். இனிமே பட்டறைக்குக் கட்ட பாக்க மாட்டேன். தொட மாட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமனார் இதைக் கேட்டு அலட்டிக்கொள்ளவில்லை. "இவ வர்றதுக்கு முன்னாடி இங்க பட்டறை நடக்கலியா?" என்று எனக்குக் கேட்கும்படி கணவரிடம் சொன்னார். அவரே தொட்டிக்குப் போனார். இத்தனை வருடம் என்னிடம் விட்டுப் பழகியதில் அவருக்குப் பழைய கவனம் போயிருந்தது. தொட்டிக்காரருக்கும் அது தெரிந்திருக்கும். வண்டியில் வந்து இறங்கிய புளியங்கட்டையைச் சமையலறை வாசலில் இருந்தே பார்த்தேன். மேலே வெயில் பட்டு வெளுத்திருந்தது. வெட்டுமுகத்தில் விரிசல் இல்லை. தூக்கி இறக்கும் ஆட்களின் தோள் தாழ்ந்த விதத்திலேயே உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தது. அதை அவர் சுவரோடு ஒட்டி, தரையிலேயே அடுக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. நான் குழந்தையைப் பகலெல்லாம் பக்கத்து வீட்டில் விட்டு, என் ஒதியங்கட்டையோடு மல்லாடிக்கொண்டிருந்தேன்.

பழைய அடுக்கு தீர்ந்து புதுக் கட்டை எரிய வந்தபோது பங்குனி. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு என்று ஒரு தறி முதலாளி சந்தன நிறம் கேட்டு நூல் கொடுத்திருந்தார். வெளிர் நிறத்தில் குறையை மறைக்க முடியாது. அன்று காலையிலிருந்தே கொப்பரையடியில் தீ அணைவதும் மூளுவதுமாக இருந்தது. கணவர் ஊதி ஊதிக் கண் சிவந்துபோனார். நூலைக் கழியில் தூக்கியபோது ஒரு பக்கம் சந்தனம், ஒரு பக்கம் மஞ்சள், நடுவே சாம்பல் பூசியதுபோல் கறை. அலசிப் பார்த்தார்கள். மறுபடி காய்ச்சிப் பார்த்தார்கள். இழை நைந்ததுதான் மிச்சம்.

முதலாளி வந்தார். நூலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மாமனாரின் காலடியில் போட்டார்.

"இன்னா பெரியவரே, கண்ணு தெரியலன்னா சொல்லிட வேண்டிதுதான? வேற பட்டறை இல்லியா ஊர்ல?"

தெருவே கேட்டது. மாமனார் அந்த ஈரநூலைப் பொறுக்கி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பேத்தி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

அன்று மாலை அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"ஏம்மா, நாளைக்குத் தொட்டிக்கு வர்றியா?"

நான் குழலைக் கீழே வைத்தேன்.

"இந்த ஜன்னல் பலகையைப் பிரிக்கணும். இந்த அடுப்புக்கு மேல கூரைல பொகை போக வழி எடுக்கணும். காஞ்ச கட்ட மொதல்ல இந்த அடுப்புக்கு. மிச்சம்தான் கொப்பரைக்கு. சரின்னா வர்றேன்."

திட்டுவார், கத்துவார் என்று நினைத்தேன். இரண்டு நாள் யோசிப்பார் என்றாவது நினைத்தேன்.

"சரிம்மா," என்றார். "அதுக்கு இன்னா, செஞ்சுக்கலாம்."

அவ்வளவு சுலபமாக இருந்தது. தலையைச் சொறிந்தபடி, நான் ஏதோ ஆணி ஒன்று கேட்டுவிட்டதுபோல் சொன்னார். என் மகளின் மூச்சைக் காட்டிக் கேட்டபோது கிடைக்காததைக் கெட்டுப்போன ஒரு கட்டு நூல் வாங்கிக் கொடுத்துவிட்டது. அவர் மறுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. இவ்வளவு லேசாகக் கொடுக்க முடிந்ததையா இத்தனை நாள் கொடுக்காமல் வைத்திருந்தார்?

பலகையைப் பிரித்தார்கள். கூரையில் நாலு ஓடுகளை எடுத்து வழி செய்தார்கள். நான் மறுபடி தொட்டிக்குப் போனேன், பிளக்க வைத்தேன், அடுக்கினேன், மாற்றி அடுக்கினேன். அதற்குள் ஊரெங்கும் வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலம் பரவ ஆரம்பித்திருந்தது. முள்தான் தொல்லை, மற்றபடி கருவேலத்துக்குத் தங்கை மாதிரி எரியும், சீக்கிரம் காயும். சமையலறையில் புகை இல்லை. மகளுக்கு இளைப்பு குறைந்தது. முழுக்கப் போகவில்லை. மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் உட்கார்ந்து மற்றவர்களின் பையைப் பார்த்துக்கொள்வாள்.

அவளுக்கு மஞ்சள்நீராட்டு நடத்தியபோது வீடு நிறைய உறவுக்காரர்கள். தோட்டத்தில் கோட்டையடுப்பு மூட்டிச் சமையல். மாமனாருக்கு அப்போது நல்ல வயதாகிவிட்டது, பட்டறையைக் கணவர்தான் பார்த்துக்கொண்டார். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் யாரோ பேத்தியின் உடம்பைப் பற்றி விசாரித்தார்கள். நான் தட்டில் வெற்றிலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"சின்னதுல மூச்சுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டுச்சுபா," என்றார் அவர். "பொகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பட்டு போனா போவுது, கொழந்த முக்கியம்னு பட்டறைக் கட்டையெல்லாம் சமையலுக்கு உட்டுட்டேன். அந்த வருசம் சந்தனப் பட்டு ஒரு கட்டு அதுலதான் கெட்டுப்போச்சு. மொதலாளி வந்து கண்டபடி பேசினான். இருக்கட்டும், எம் பேத்திய விடவா?"

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அப்படித்தான் நடந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். மகள் பட்டுப்பாவாடையோடு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் தாத்தாவையும் பேத்தியையும் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். நான் வெற்றிலையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் என்ன சொல்வது?

அடுத்த வருடம் அவர் போய்விட்டார். மகள் அழுதது போல யாரும் அழவில்லை. எங்கே மூச்சு இழுத்துக்கொள்ளுமோ என்று நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். "எனக்காகத் திட்டு வாங்கினாரும்மா தாத்தா," என்று விக்கினாள்.

அவளுக்கே குழந்தை பிறந்த பிறகு ஒருநாள், பேச்சு வாக்கில், நடந்ததை நடந்தபடி அவளிடம் சொன்னேன். ஆணியடித்த ஜன்னலைச் சொன்னேன், தண்ணீரில் அமுக்கிய கட்டையைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"போதும்மா. செத்துப்போனவர ஏன் இப்படிப் பேசற? ஒனக்கு அவரக் கண்டா எப்பவுமே ஆகாது."

"ஒங்கப்பாவக் கேளு."

என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை.

"அதெல்லாம் எப்பவோ நடந்துது," என்றார். "இப்போ எதுக்கு?"

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். நான் அடுப்படிக்குப் போனேன்.